பாக்கிக் கணக்கு: பவுலிங்கில் புள்ளி எழுதக் கற்றுக்கொண்ட அனுபவம்

பந்தை உருட்டி, பின்கள் எனப்படும் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம் பவுலிங். பந்து உருளும் பாதையான எங்கள் லேனுக்கு மேலே இருந்த புள்ளித் திரை அன்று மாலை இயங்கவில்லை. பழுது பார்ப்பவர் வரும்வரை காத்திருக்காமல் தாளிலேயே எழுதிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. ஏறக்குறைய ஓராண்டாக விளையாடி வந்த நான், எனக்குக் கணக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் பேனாவை வாங்கிக்கொண்டேன். எதிர்த்து ஆடியவர் வயதிலும் அனுபவத்திலும் என்னைவிட மூத்தவர்; நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றே அழைப்போம். ஆட்டம் முடிந்ததும் அவருக்கு 174, எனக்கு 180 என்று எழுதி, ஆறு புள்ளி வித்தியாசத்தில் வென்றுவிட்டதாகச் சொன்னேன். அவர் தாளை வாங்கி என் வரிசையை இடமிருந்து வலமாக ஒரு முறை பார்த்தார். "தம்பி, உங்கள் கணக்கு 170. கடைசிக் கட்டத்தில் பத்து புள்ளி கூடுதலாக ஏறியிருக்கிறது" என்றார்.

அவர் சொன்னது சரி. ஓராண்டு முழுவதும் திரையில் எண்கள் தாமாகவே ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நான், அவை எப்படி ஏறுகின்றன என்பதை ஒரு முறைகூடக் கையால் எழுதிப் பார்த்ததில்லை. ஸ்ட்ரைக் அடித்தால் எக்ஸ் அடையாளம் வரும், ஸ்பேர் அடித்தால் சாய்கோடு வரும், பந்து ஒரு பின்னையும் வீழ்த்தாவிட்டால் சிறு கோடு வரும் என்பது தெரியும். ஸ்ட்ரைக் அடித்த உடனே அந்தக் கட்டத்தின் கீழ்ப்பகுதி ஏன் காலியாகவே நிற்கிறது என்பது தெரியாது. இந்த ஆட்டத்தின் கணக்கு முழுவதும் அந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறது.

அடிப்படை எளிதானது. ஓர் ஆட்டத்தில் பத்து ஃபிரேம்கள், அதாவது சுற்றுகள், உண்டு; தாளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ஒவ்வொரு ஃபிரேமிலும், உருட்டுபவர் தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து 60 அடி தொலைவில் இருக்கும் ஹெட் பின்னை முனையாகக் கொண்டு முக்கோணமாக நிற்கும் பத்துப் பின்களை வீழ்த்த இரண்டு பந்துகள் கிடைக்கும். முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக். இரண்டாவது பந்து தேவைப்படாது. இரண்டு பந்துகளையும் சேர்த்துப் பத்தும் விழுந்தால் ஸ்பேர். இரண்டு பந்துகளுக்குப் பிறகும் ஏதாவது நின்றால் அது ஓப்பன் ஃபிரேம். விழுந்த பின்களின் எண்ணிக்கையே அதன் புள்ளி, அந்தக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

ஸ்ட்ரைக்கும் ஸ்பேரும் அப்படி முடிவதில்லை. ஸ்பேருக்குப் பத்துடன் அடுத்த ஒரு பந்தில் விழும் பின்களும், ஸ்ட்ரைக்குக்குப் பத்துடன் அடுத்த இரண்டு பந்துகளில் விழும் பின்களும் சேரும். அக்கா இதை ஒரே வரியில் சொல்லிக் கொடுத்தார்: "ஸ்பேருக்கு ஒரு பந்து பாக்கி, ஸ்ட்ரைக்குக்கு இரண்டு பந்து பாக்கி. பாக்கி வந்து சேரும்வரை அந்தக் கட்டத்தில் எண் எழுதாதீர்கள்." பாக்கி என்ற அந்தச் சொல்லுக்குப் பிறகு எனக்கு இந்தக் கணக்கில் குழப்பம் வந்ததே இல்லை. பாக்கி என்பது பந்துக் கணக்கு, ஃபிரேம் கணக்கு அல்ல என்பதைச் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். ஸ்ட்ரைக்கை அடுத்து மீண்டும் ஸ்ட்ரைக் விழுந்தால், முதல் ஸ்ட்ரைக்குக்கு உரிய இரண்டாவது பந்து அதற்கும் அடுத்த ஃபிரேமில்தான் வரும். அதுவரை இரண்டு கட்டங்களுமே காலியாக இருக்கும்.

அன்று நான் உருட்டிய பந்துகள் இவை: முதல் ஃபிரேமில் 7, 2, இரண்டாவதில் 8-உம் ஸ்பேரும், மூன்றாவதிலும் நான்காவதிலும் ஸ்ட்ரைக், ஐந்தாவதில் 9-உம் ஸ்பேரும், ஆறாவதில் 6, 2, ஏழாவதில் ஸ்ட்ரைக், எட்டாவதில் 8-உம் ஸ்பேரும், ஒன்பதாவதில் 9, அடுத்த பந்தில் ஒன்றுமில்லை, பத்தாவதில் ஸ்ட்ரைக், பிறகு 7, பிறகு மீதி மூன்று.

அக்கா புதிய தாளில் ஒவ்வொரு கட்டமாக எழுதிக் காட்டினார். முதல் கட்டம் 9. இரண்டாவது ஸ்பேர், அதன் பாக்கி மூன்றாவது ஃபிரேமின் முதல் பந்து, அது ஸ்ட்ரைக் ஆதலால் 10 கூட்டி 20, மொத்தம் 29. மூன்றாவது ஸ்ட்ரைக்குக்கு அடுத்த இரண்டு பந்துகள் நான்காவது ஃபிரேமின் 10-உம் ஐந்தாவது ஃபிரேமின் 9-உம். ஆகவே 29, மொத்தம் 58. நான்காவது ஸ்ட்ரைக்குக்கு அடுத்தவை 9-உம் 1-உம். ஆகவே 20, மொத்தம் 78. ஐந்தாவது ஸ்பேருக்கு ஆறாவது ஃபிரேமின் 6 சேர்ந்து 16, மொத்தம் 94. ஆறாவது வெறும் 8, மொத்தம் 102. ஏழாவது ஸ்ட்ரைக்குக்கு 8-உம் 2-உம் சேர்ந்து 20, மொத்தம் 122. எட்டாவது ஸ்பேருக்கு ஒன்பதாவதின் 9 சேர்ந்து 19, மொத்தம் 141. ஒன்பதாவது 9, மொத்தம் 150. இதுவரை நானும் அவ்வாறே எழுதியிருந்தேன்.

தவறு பத்தாவதில் நடந்திருந்தது. ஸ்ட்ரைக்குக்குப் பத்தும் அடுத்த இரண்டு பந்துகளின் 7-உம் 3-உம் சேர்த்து 20 என்று எழுதிய நான், அந்த 7-உம் 3-உம் சேர்ந்து ஒரு ஸ்பேர் ஆயிற்றே என்று அதற்குத் தனியாக 10 கூட்டி, 30 என்று முடித்திருந்தேன். புதிதாக எழுதுபவர்கள் பலர் இதே இடத்தில் வழுக்குவதைப் பிற்பாடு பார்த்திருக்கிறேன். பத்தாவது ஃபிரேமில் கூடுதல் பந்து தரப்படுவதற்கு ஒரே காரணம், அந்த ஃபிரேமின் பாக்கியைத் தீர்க்க அதற்குப் பின்னால் வேறு ஃபிரேம் இல்லாததுதான். முதல் பந்து ஸ்ட்ரைக் என்றால் பாக்கிக்காக இரண்டு பந்துகள். முதல் இரண்டு பந்துகளில் ஸ்பேர் என்றால் ஒரு பந்து. ஓப்பன் என்றால் கூடுதல் பந்தே கிடையாது. பாக்கியைத் தீர்க்க வந்த பந்துக்குத் தனக்கென்று ஒரு பாக்கி கிடையாது. ஆகவே பத்தாவது கட்டத்தில் மட்டும் யோசனையே வேண்டாம்: உருட்டிய பந்துகளில் விழுந்த பின்களை அப்படியே கூட்டினால் போதும். மூன்றுமே ஸ்ட்ரைக்காக இருந்தாலும் அந்தக் கட்டத்தின் மதிப்பு 30-தான். ஒன்பது ஃபிரேம்களில் ஒன்பது, பத்தாவதில் மூன்று என்று பன்னிரண்டு ஸ்ட்ரைக்குகள் சேர்ந்து 300 என்ற உச்சம் வருவதும் இதனால்தான்.

தோற்றது உறுதியான பிறகு அக்கா என் தாளில் வேறொன்றைக் காட்டினார். அந்தக் காட்சியை நான் மறக்கவில்லை. என் வரிசையில் ஒன்று, ஆறு, ஒன்பது ஆகிய மூன்று ஃபிரேம்கள் ஓப்பன். முதலாவதில் ஒரு பின், ஆறாவதில் இரண்டு பின்கள், ஒன்பதாவதில் ஒரு பின் என நான் நிற்க விட்டவை மொத்தம் நான்கே. மற்றப் பந்துகள் எல்லாம் அப்படியே இருந்து, முதலாவதில் அந்த ஒரு பின்னும் விழுந்திருந்தால் ஃபிரேமின் மதிப்பு 9-லிருந்து 18 ஆகியிருக்கும். ஆறாவதில் இரண்டும் விழுந்திருந்தால், அடுத்து வந்தது ஸ்ட்ரைக் ஆதலால் 8 என்பது 20 ஆகியிருக்கும். ஒன்பதாவதில் அந்த ஒன்று விழுந்திருந்தால், அங்கேயும் அடுத்தது ஸ்ட்ரைக். 9 என்பது 20 ஆகியிருக்கும். முறையே 9, 12, 11 புள்ளிகள். 174-ஐத் தாண்ட எனக்கு ஐந்து புள்ளிகள் போதுமாக இருந்த நிலையில், இந்த மூன்றில் எந்த ஒன்று நடந்திருந்தாலும் நான் வென்றிருப்பேன். மூன்றும் நடந்திருந்தால் என் மொத்தம் 202. நான்கு பின்களுக்கு 32 புள்ளிகள்!

அதுவரை பயிற்சி என்றால் எனக்கு ஸ்ட்ரைக்குக்கான பயிற்சிதான். வலது கையால் உருட்டும் எனக்கு, ஹெட் பின்னுக்கும் அதன் வலப்புறம் சற்றுப் பின்னால் நிற்கும் மூன்றாம் பின்னுக்கும் இடைப்பட்ட பாக்கெட்டில் பந்தைச் சேர்ப்பதே இலக்காக இருந்தது. இரண்டாவது பந்தை, முதல் பந்தின் தோல்விக்குப் பிறகு வரும் சடங்கைப் போல அவசரமாக உருட்டி வந்தேன். அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து சில கற்பனை ஆட்டங்களைத் தாளில் எழுதிப் பார்த்தபோது அந்த எண்ணம் முழுவதும் மாறியது.

ஒருவர் ஒற்றைப்படை ஃபிரேம்கள் ஐந்திலும் ஸ்ட்ரைக், இரட்டைப்படை ஃபிரேம்கள் ஐந்திலும் 9 எடுத்து ஓப்பன் என்று ஆடுவதாக வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரைக் ஒவ்வொன்றுக்கும் 19, ஓப்பன் ஒவ்வொன்றுக்கும் 9, மொத்தம் 140. இன்னொருவர் அதே ஐந்து ஸ்ட்ரைக்குகளையும் முதல் ஐந்து ஃபிரேம்களில் தொடர்ச்சியாக அடித்து, பிறகு ஐந்திலும் முதல் பந்தில் 9 எடுத்து ஓப்பன் விடுகிறார். அவர் வீழ்த்திய பின்களும் முன்னவரைப் போலவே 95-தான். ஆனால் முதல் மூன்று ஃபிரேம்களுக்குத் தலா 30, நான்காவதற்கு 29, ஐந்தாவதற்கு 19, மீதி ஐந்துக்கும் சேர்த்து 45, மொத்தம் 183. வரிசை மாறியதால் மட்டுமே 43 புள்ளிகள் கூடிவிட்டன. மூன்றாமவர் ஒரு ஸ்ட்ரைக்குகூட அடிக்கவில்லை. பத்து ஃபிரேம்களிலும் முதல் பந்தில் 9, இரண்டாவதில் மிஞ்சிய ஒன்று, கடைசிக் கூடுதல் பந்திலும் 9. ஃபிரேமுக்கு 19 வீதம் அவருக்கு 190. ஐந்து ஸ்ட்ரைக்குகளைத் தொடர்ந்து அடித்தவரையே அவர் ஏழு புள்ளிகளில் முந்துகிறார்.

இந்த மூன்று வரிசைகளையும் நீங்களும் ஒரு முறை கையால் எழுதிப் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். படித்துத் தெரிந்துகொள்வதற்கும், பேனா அந்தக் காலிக் கட்டத்துக்குத் திரும்பிப் போய் எண்ணை நிரப்புவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது.

மறுவாரம் முதல் என் பயிற்சி நேரத்தில் பாதியை இரண்டாவது பந்துக்கு ஒதுக்கினேன். முதல் பந்து வீசியதும் நிற்கும் பின்களைப் பார்த்து, எந்த இடத்தில் நின்று லேனில் வரைந்திருக்கும் எந்த அம்புக்குறியைக் குறிவைக்க வேண்டும் என்று முடிவு செய்த பிறகே பந்தைக் கையில் எடுப்பது என வைத்துக்கொண்டேன். குறிப்பாக வலது மூலையில் தனியாக நிற்கும் பத்தாம் பின் எனக்கு நெடுநாள் தலைவலி. பந்து வளையாமல் நேராகச் செல்லும்படி உருட்டி, லேனின் இடப்பக்கத்திலிருந்து குறுக்காக அனுப்பத் தொடங்கியதும் அது கொஞ்சம் கொஞ்சமாக வசப்பட்டது. ஏழாம் பின்னும் பத்தாம் பின்னும் இரு மூலைகளிலும் நிற்கும் ஸ்பிளிட்டுக்கு நான் பயிற்சியே செய்யவில்லை. அது விழுவது அபூர்வம். ஒற்றைப் பின்களோ ஒவ்வோர் ஆட்டத்திலும் வந்துகொண்டே இருக்கும்.

ஸ்பேருக்கு அடுத்த பந்தும் எனக்கு வேறு பொருள் கொண்டதாயிற்று. அது இரண்டு இடங்களில் எண்ணப்படும் பந்து. தொடர்ந்து இரண்டு ஸ்ட்ரைக்குகளுக்குப் பிறகு வரும் முதல் பந்து மூன்று இடங்களில் எண்ணப்படும். மூன்றாவது ஸ்ட்ரைக்கை, அதாவது டர்க்கி என்று சொல்லப்படுவதை, எல்லோரும் கொண்டாடுவதற்கு அது தகுந்த காரணம். இதன் மறுபக்கமும் உண்டு. முதல் ஃபிரேமில் முதல் பந்தில் 9 எடுத்து ஓப்பன் விட்டு, பிறகு கடைசிவரை ஸ்ட்ரைக்காகவே அடிப்பவருக்கு 279 கிடைக்கும். அதே ஓப்பன் ஐந்தாவது ஃபிரேமில் நேர்ந்து மற்றவை எல்லாம் ஸ்ட்ரைக்காக இருந்தால் 267-தான் கிடைக்கும். முன்னால் பாக்கி வைத்துக் காத்திருந்த இரண்டு ஸ்ட்ரைக்குகளையும் அந்த ஒரு ஃபிரேம் சேர்த்தே குறைத்துவிடுகிறது.

தாளில் எழுதப் பழகிய பிறகு, திரையை அப்படியே நம்புவதையும் விட்டுவிட்டேன். நின்ற இடத்திலிருந்து சற்று நகர்ந்தும் விழாமல் நிற்கும் பின் விழுந்ததாகக் கணக்காகாது. ஆனால் இயந்திரம் சில வேளைகளில் அதைக் கவனிக்காமல் விழுந்ததாகக் காட்டிவிடும், எதிர்மாறாகவும் நேரும். ஒரு பின் தவறினால் ஒரு புள்ளிதானே என்று விட்டுவிடலாகாது. ஸ்பேர் என்று எழுத வேண்டிய இடத்தில் 9 என்று விழுந்துவிட்டால், அடுத்த பந்தின் மதிப்பும் சேர்ந்தே போய்விடும். ஆகவே அடுத்த பந்தை உருட்டுவதற்கு முன்பே, எதிராளியும் நிற்கும்போதே சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். பந்து தாக்கிய பின் ஒன்று பக்கச் சுவரில் மோதித் திரும்பி வந்து இன்னொரு பின்னை வீழ்த்தினால் அது செல்லும். லேனின் ஓரப் பள்ளமான கட்டரில் இறங்கிய பந்து துள்ளி ஏறி வீழ்த்தினால் செல்லாது.

ஃபவுல் கோட்டைத் தாண்டிக் கால் பட்டால் அந்தப் பந்து உருட்டியதாகக் கணக்காகும், விழுந்த பின்கள் கணக்காகா. முதல் பந்தில் இது நேர்ந்தால் பத்துப் பின்களும் மீண்டும் நிறுத்தப்படும். அந்த நிலையிலோ, முதல் பந்து கட்டருக்குள் போன நிலையிலோ, அடுத்த பந்தில் பத்தும் விழுந்தால் அது ஸ்பேர்தான், ஸ்ட்ரைக் ஆகாது. ஒரே பந்தில் பத்தும் விழுந்ததே என்று வாதிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது அந்த ஃபிரேமின் இரண்டாவது பந்து. ஆகவே பாக்கி ஒரு பந்து மட்டுமே. இதில் ஐயத்துக்கு இடமில்லை.

இப்போது சில சர்வதேசப் போட்டிகளில் வேறொரு முறையும் கையாளப்படுகிறது. அதில் ஸ்ட்ரைக்குக்கு உடனே 30, ஸ்பேருக்குப் பத்துடன் அதே ஃபிரேமின் முதல் பந்தில் விழுந்த பின்கள்; பத்தாவதில் கூடுதல் பந்து கிடையாது, பாக்கி என்ற பேச்சே இல்லை. என் 170 புள்ளி ஆட்டத்தை அம்முறையில் எழுதிப் பார்த்தேன், 201 வந்தது. பார்வையாளர்கள் எளிதில் பின்தொடரலாம் என்பது உண்மைதான். ஆனால் ஸ்ட்ரைக்குகளைத் தொடர்ந்து அடிப்பதற்கும் பிரித்து அடிப்பதற்கும் அதில் வேறுபாடு இல்லை. 1895-இல் அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் உருவாகி விதிகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கிய காலத்தின் மரபு வழியே நமக்கு வந்திருக்கும் பாக்கி முறையே எனக்கு நெருக்கமானது. ஒரு பந்து தனக்கு முன்னால் நடந்தவற்றையும் மாற்றுகிறது என்பதில் ஓர் அழகு இருக்கிறது.

சில மாதங்களுக்குப் பிறகு அக்காவுடன் மீண்டும் ஆடினேன். அவர் 181-இல் முடித்துவிட்டார். நான் எட்டாவது ஃபிரேம் முடிவில் 137, ஒன்பதாவதில் ஸ்ட்ரைக் அடித்து இரண்டு பந்து பாக்கியுடன் பத்தாவதுக்குப் போனேன். முதல் பந்துக்கு முன்பே மனத்தில் கணக்குப் போட்டேன். 9-உம் ஸ்பேரும் எடுத்து, கூடுதல் பந்தில் ஸ்ட்ரைக்கே அடித்தாலும் 177-தான். ஆகவே முதல் பந்து ஸ்ட்ரைக்காக வேண்டும். அது பாக்கெட்டில் சேர்ந்து பத்தும் விழுந்தன. இரண்டாவது பந்து ஒன்பதாவது கட்டத்திலும் பத்தாவது கட்டத்திலுமாக இரு முறை எண்ணப்படும், மூன்றாவது ஒரு முறைதான் என்பதும் நினைவில் இருந்தது. இரண்டாவது பந்து ஏழு பின்களை வீழ்த்தியது. நான்காம் பின்னும் ஏழாம் பின்னும் இடப்பக்கம் அருகருகே நிற்க, பத்தாம் பின் வலது மூலையில் தனியாக நின்றது, கடினமான ஸ்பிளிட்.

ஒன்பதாவது கட்டம் 27 என்று தீர்ந்து, மொத்தம் 164 ஆகியிருந்தது. பத்தாவதில் கையிலிருந்தது 17. இரண்டும் சேர்ந்து 181, சமநிலை. வெற்றிக்கு ஒரே ஒரு பின் போதும். மூன்றையும் வீழ்த்த வேண்டுமானால் பந்து நான்காம் பின்னின் வெளிவிளிம்பை மெலிதாக உரசி, அதை லேனின் குறுக்கே பத்தாம் பின்னிடம் அனுப்ப வேண்டும். சற்றே தவறினால் பந்து கட்டருக்குள் போய் ஒன்றும் விழாமல் போகலாம். அத்தனை ஆபத்துக்குக் கிடைப்பது ஒரே ஒரு கூடுதல் புள்ளி. பத்தாம் பின்னைப் பார்க்காமல், இடப்பக்கத்து இரண்டையும் நேராகக் குறிவைத்து உருட்டினேன். இரண்டும் விழுந்தன. அக்கா திரையைப் பார்க்கவில்லை. பந்து பின்களைத் தொட்டதுமே "183" என்றார்.